சிமெண்ட் புற்று

நாகவல்லிக்குத் தான் பிறந்த தேதி தெரியாது. ஆதாரில் ஜனவரி ஒன்று என்று இருக்கிறது. அதை யார் போட்டார்களோ அவர்களைத்தான் கேட்க வேண்டும். எண்பத்தைந்தாம் வருஷத்துப் பெருமழையில், சுற்றுவட்டாரமெல்லாம் தண்ணீரில் கிடந்தபோது, கன்னிமேட்டில், புற்றுக்கு நாலடி தள்ளி, பனையோலைத் தடுப்புக்குள் பிறந்தவள் என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டுச் செத்தார். அவளுக்கு அது போதும்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி, வெளிவட்டச் சாலையைத் தாண்டி, ஏரியை ஒட்டி அரை மணி நேரம் நடந்தால் கன்னிமேடு. இப்போது நடக்க வேண்டியதில்லை, ஷேர் ஆட்டோ போகிறது. அந்த ஆட்டோ யாருக்காகப் போகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இருபத்து மூன்று இருளர் குடும்பங்கள் அந்த மேட்டில் இருந்தன. நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு கறையான் புற்று. அதுதான் கன்னியம்மா. கோயில் இல்லை, சுவர் இல்லை, பூசாரி இல்லை. ஆடி மாதம் கொழுக்கட்டை வைப்பார்கள், கற்பூரம் கொளுத்துவார்கள். தண்ணீர் நிற்கிற மண்ணில் கறையான் குடியிருக்காது என்பது அந்த ஜனங்களுக்கு நடக்கத் தெரிந்த வயதிலேயே தெரியும். உயிருள்ள புற்று எங்கே நிற்கிறதோ அங்கே வெள்ளம் ஏறாது. நுனியில் ஈரமண் பூசியிருந்தால் புற்றுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் அவர்கள் குடிசை போட்டார்கள். சாமி என்று கும்பிட்டதும் அதைத்தான். இரண்டும் வேறு வேறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நாகவல்லி பாண்டியனைக் கட்டியது பதினெட்டு வயதில். இரண்டு பேரும் சேர்ந்து கடப்பாரையோடு வயல் வயலாகப் போய், வளையைத் தோண்டி எலி வெட்டினார்கள். வரப்பில் எலி வளை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தே அந்த வருஷத்து மழையைச் சொல்லிவிடுவாள். ஐப்பசியில் எலி பழைய வளையை விட்டுவிட்டு மேல் வரப்பில் புது வளை தோண்டினால் கார்த்திகையில் தண்ணீர் வரும். எத்தனை அடி மேலே தோண்டியிருக்கிறதோ ஏறக்குறைய அத்தனை அடி வரும். வயலெல்லாம் மனையானபின் எலி வெட்டும் வேலை போனது. நாகவல்லி திருவேற்காட்டில் கட்டட வேலைக்குப் போனாள். பாண்டியன் ஃபிளாட்டுகளில் பாம்பு புகுந்தால் போய்ப் பிடித்துக் கொடுத்தான். ஆனாலும் ஐப்பசி வந்தால் மிச்சமிருக்கிற நாலு வரப்பை ஒரு நடை பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

அந்த ஜனங்களுக்குள் ஒரு கட்டு இருந்தது. மேட்டைக் கேட்டவனுக்கு மேட்டை மறைக்கக் கூடாது. எண்பத்தைந்து வெள்ளத்தில், இருளர்களைத் தெருவுக்குள் விடாத ஊர்க்காரர்கள் மாடு கன்றோடு மேட்டுக்கு ஓடி வந்தார்கள். நாகவல்லியின் அப்பா பிள்ளைபெற்ற பெண்டாட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு இடம் கொடுத்தார். மறைத்தால் கன்னியம்மா கண்ணை மறைத்துவிடுவாள், அப்புறம் தனக்கே மேடு தெரியாது என்பார். எதிரிக்கும் காட்டு என்பதுதான் கட்டு. இந்தக் கட்டைப் போட்ட மகராசன் ரியல் எஸ்டேட்டைப் பார்த்திருக்க மாட்டான்.

கிரண் வந்தது இரண்டாயிரத்துப் பதினேழில். கோயம்புத்தூர்ப் பையன், ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. காலநிலை மாற்றத்தால் பழங்குடிகள் பாதிக்கப்படுகிறார்கள், அவர்களுடைய பண்பாட்டுக்கு ஏற்ற மாதிரி அவர்களைத் தயார்ப்படுத்த வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு திட்டம் வந்திருந்தது. கெட்டவன் என்று சொல்ல வாய் வரவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வறுத்த ஈசலைக் கொடுத்தபோது வேர்க்கடலை மாதிரி இருக்கிறது என்று இன்னொரு பிடி கேட்டான். வந்தவர்களில் அவளை 'அக்கா' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான்.

"அக்கா, உங்க பண்பாட்டுல வெள்ளத்தை எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கேட்டான்.

"பண்பாடுன்னா இன்னா சார்?"

"உங்க சாமி, சாப்பாடு, பழக்கவழக்கம்..."

"எங்க பழக்கம் தண்ணி வந்தா மேட்டுக்குப் போறது. வேற இன்னா கீது?"

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, எந்த மேடு, எதனால் தெரியும், வேறு மேடு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நாகவல்லி மறைக்கவில்லை. கேட்டவனுக்குக் காட்ட வேண்டும் அல்லவா? இரண்டு நாள் அவனைக் கூட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றினாள். புற்றைக் காட்டினாள், எலி வளையைக் காட்டினாள், எண்பத்தைந்தில் தண்ணீர் நின்ற கோட்டைப் பனைமரத்தில் தொட்டுக் காட்டினாள். விரால் பள்ளத்தையும் காட்டினாள். முதல் மழைக்கே தண்ணீர் கட்டும் இடம் அது. அங்கே அவளும் பாண்டியனும் ஊத்தாக் கூடையைக் கவிழ்த்து விரால் பிடிப்பார்கள். கிரணோடு வந்த ஒருவன் சின்ன ஹெலிகாப்டர் மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டு எல்லாவற்றையும் படம் எடுத்தான்.

அந்தப் படம் வரைபடமாக வந்தது. கன்னிமேடு அதில் பச்சை. ஏரியைச் சுற்றி எந்தக் காலத்திலும் மூழ்காத ஒரே பெரிய இடம் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. வரைபடம் வெளியான ஆறாம் மாதம் மேட்டுக்கு ஒரு சொந்தக்காரர் முளைத்தார். அவருடைய தாத்தா பேரில் பத்திரம் இருந்ததாம். நூறு வருஷமாக அந்தத் தாத்தாவை ஒரு இருளனும் பார்த்ததில்லை. தாலுகா அலுவலகத்தில், உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டார்கள். இவர்களிடம் புற்றுதான் இருந்தது.

மாற்று இடம் கொடுத்தார்கள். பட்டாவோடு, கிரணின் நிறுவனம் கட்டித் தரும் கான்கிரீட் வீட்டோடு. எங்கே என்று கேட்டால், விரால் பள்ளத்தில்.

"அது பள்ளம் சார்," என்றாள் நாகவல்லி. "மீன் புடிச்ச எடத்துல போயி குடியிருக்கச் சொல்றியே."

"தரையை மூணடி தூக்கிக் கட்டுறோம் அக்கா. நூறு வருஷ வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டிருக்கு." கிரண் அவள் முகத்தைப் பார்த்தான். "அப்படியும் தண்ணி வந்தா மேட்டுக்குப் போயிடலாம். அவசர காலத்துல மேடு உங்களுக்குத்தான். யார் அங்க கட்டினாலும் உங்களை விட்டாகணும். ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

பட்டா என்ற சொல்லைக் கேட்டதும் ஆண்கள் மயங்கிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. மூன்று தலைமுறையாக, எந்த நிமிஷமும் எழுந்து போ என்று சொல்லக்கூடிய இடத்தில் படுத்து எழுந்தவர்கள். "இன்னாமே, நம்ம பேருல ஊடு வருது, நீ பள்ளம் மேடுன்னுகினு கீற," என்று பாண்டியனே எரிந்து விழுந்தான். மேட்டுக்கு வர உரிமை இருக்கிறது என்ற ஒரு சொல்லை நம்பித்தான் நாகவல்லி கையெழுத்துப் போட்டாள். அந்த உரிமை இருந்தால் போதும், வீடு எந்தக் குழியில் இருந்தால் என்ன என்று அவள் கணக்குப் போட்டாள்.

காலனிக்குக் கன்னியம்மா நகர் என்று பெயர் வைத்து, காலநிலையைத் தாங்கும் பழங்குடியினர் குடியிருப்பு என்று போர்டு நட்டார்கள். சுவரில் பாம்பும் எலியும் வரைந்தார்கள். ஒரு வீட்டுச் சுவரில் எலி பூனை சைஸுக்கு இருந்தது. சாமி வேண்டுமே? அதற்கும் யோசித்திருந்தார்கள். பொதுக்கூடத்துக்கு முன்னால் ஆளுயரத்துக்குச் சிமெண்டில் ஒரு புற்று கட்டி, செம்மண் நிறம் அடித்து, அதிலிருந்து ஐந்து தலை நாகம் ஒன்று எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்தார்கள்.

நாகவல்லி அதைத் தட்டிப் பார்த்தாள். 'டங்'கென்றது.

"இதுல கறையான் வருமா சார்?"

"வராது அக்கா. இது உங்க நம்பிக்கைக்காக," என்றான் கிரண்.

புற்று இருக்கிற இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று சொன்னதை, குடியிருக்கிற இடத்தில் ஒரு புற்று வேண்டும் என்று எழுதிக்கொண்டுவிட்டார்களே, இவர்களை என்ன சொல்வது! ஆனால் திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள், சிமெண்ட் புற்றுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

மேட்டில் எட்டு மாடி ஃபிளாட் எழும்பியது. உயரமான இடம் என்று அர்த்தம் வருகிற இங்கிலீஷ் பேராம். வெள்ளமே வராத இடம் என்று விளம்பரம் செய்தார்கள். ஷேர் ஆட்டோ அவர்களுக்காகத்தான் வந்தது. புற்றை இடிக்கப் பயந்துகொண்டு, சுற்றி டைல்ஸ் ஒட்டி, கம்பிக் கதவு போட்டு, நாகாத்தம்மன் ஆக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஃபிளாட்டுப் பெண்கள் முட்டையும் பாலும் ஊற்றினார்கள். பால் ஊற்றினால் கறையான் செத்துப்போகும் என்று சொல்ல நாகவல்லி ஒருநாள் போனாள். செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்தி, வீட்டு வேலைக்கா, எந்த பிளாக் என்று கேட்டான்.

இருபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் வரப்பைப் பார்த்துவிட்டு வந்தவள் சோறு தின்னவில்லை. எலி நாலரை அடி மேலே ஏறியிருந்தது. இருபது வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. டிசம்பர் முதல் வாரம் வானம் கறுத்துக்கொண்டு நின்ற ஞாயிற்றுக்கிழமை மதியம், வீடு வீடாகப் போய், கிளம்புங்கள் என்றாள்.

யாரும் அசையவில்லை. கிரண் எல்லோருடைய ஃபோனிலும் ஓர் எச்சரிக்கை குரூப் போட்டுக் கொடுத்திருந்தான். வெள்ளம் வருவதற்கு ஆறு மணி நேரம் முன்னாலேயே தகவல் வந்துவிடுமாம்.

"மெசேஜ் வரலியேமே," என்றான் பாண்டியன். "எலி பெருசா, சேட்டிலைட்டு பெருசா?"

பாண்டியன் கேட்டால் மற்றவர்களும் கேட்பார்கள். அவனே இப்படிச் சொன்னபோது நாகவல்லிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இதைத்தான் அவள் இன்றுவரை தனக்கு மன்னிக்கவில்லை. எலியைப் பார்த்த கண்ணை நம்பாமல் அவளும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விடியும் நேரத்தில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது. கரண்ட் போய், டவர் போய், ஃபோன் செத்துக் கிடந்தது. எச்சரிக்கை மூன்று நாள் கழித்து, டவர் வந்தபோது, 'டிங்' என்று வந்து சேர்ந்தது. அதையும் ஒருவர் மிச்சமில்லாமல் பார்த்தார்கள்.

மார்பளவு தண்ணீரில் தொண்ணூறு பேர் மேட்டுக்கு நடந்தார்கள். பாண்டியனின் அக்கா பொன்னியம்மாவுக்கு இளைப்பு நோய். அவளை முதுகில் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போனான். திரும்பிப் பார்த்தால் சிமெண்ட் புற்று கழுத்துவரை மூழ்கி, ஐந்து தலை நாகம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

கேட் பூட்டியிருந்தது. செக்யூரிட்டி உள்ளே போய் அசோசியேஷன் செயலாளரைக் கூட்டிவந்தான். விஷ்ணு என்று பேர், மதுரைப் பக்கம், ஐ.டி. வேலை. குடையோடு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"இது எங்க மேடு சார். அவசரத்துக்கு வரலாம்னு ரிப்போர்ட்ல எழுதிக் கீது," என்றாள் நாகவல்லி.

"எந்த ரிப்போர்ட்டும்மா?" அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. "பாருங்க, குழந்தைங்க இருக்கிற இடம். இத்தனை பேரை நான் ஒருத்தனா முடிவு பண்ணி உள்ள விட முடியாது. குரூப்ல கேட்கலாம்னா நெட் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா பேஸ்மென்ட்ல, கார் நிறுத்துற இடத்துல இருந்துக்குங்க. நான் பேசிக்கிறேன்."

பாண்டியன் அக்காவை முதுகில் வைத்துக்கொண்டே சிரித்தான். "வெள்ளம் வந்தா எலியே வளைய உட்டு மேல ஏறும் சார். எங்கள வளைக்குள்ள போவச் சொல்றியே!"

விஷ்ணுவுக்கு முகம் சிவந்துவிட்டது. உதவி செய்ய வந்தால் கிண்டல் என்று முனகிக்கொண்டு போய்விட்டார். கேட்டை ஒட்டிய சரிவில், கொட்டும் மழையில், தொண்ணூறு பேரும் மதில் சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு மாடியிலிருந்து ஓர் அம்மாள் பிரெட் பாக்கெட்டுகளைப் பையில் கட்டிக் கயிற்றில் இறக்கினாள். அவள் நன்றாக இருக்கட்டும். பொன்னியம்மாவுக்கு மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. நாகவல்லி தன் முந்தானையை அவள் தலைக்குப் பிடித்தாள். நனைந்த துணி நனைந்த தலையை என்ன காப்பாற்றும்?

ஏழு மணி நேரம் அப்படி நின்றார்கள். பேஸ்மென்டுக்குள் தண்ணீர் இறங்கியது. மூழ்காத மேட்டைத் தோண்டிக் குழியாக்கினால் குழியில் தண்ணீர் நிற்காமல் வேறென்ன செய்யும்? நாற்பது கார் உள்ளே மிதந்தது.

மதியத்துக்கு மேல் கேட் தானாகத் திறந்தது. விஷ்ணு ஓடிவந்தார்.

"ஏம்பா, பாம்பு பிடிப்பீங்கல்ல? ஜிம் ரூம்ல நல்ல பாம்பு ஒண்ணு... பசங்கல்லாம் கத்துறாங்க. சீக்கிரம் வாங்க."

பாண்டியன் நாகவல்லியைப் பார்த்தான். அவள் தலையாட்டவில்லை. அக்காவை அவள் தோளில் சாய்த்துவிட்டு அவன் கிளம்பினான். "போனா கேட்டாச்சும் தெறந்திருக்கும்மே," என்றான். சுவரோரம் நின்ற பெண் ஒருத்தியிடம் பொன்னியம்மாவைக் கொடுத்துவிட்டு நாகவல்லியும் பின்னால் போனாள்.

அது நல்ல பாம்பு இல்லை, சாரை. பாவம், அதுவும் மேட்டைத் தேடி வந்தது. அதை யாரும் கேட்டில் நிறுத்தவில்லை. பாண்டியன் வாலைப் பிடித்துத் தூக்கியதும் பத்து ஃபோன்கள் படம் பிடித்தன. நாகவல்லி ஜன்னல் வழியாகப் புற்றைப் பார்த்தாள். டைல்ஸுக்கு நடுவில், சொட்டுத் தண்ணீர் தேங்காமல் நின்றது. அங்கிருந்து நாலடி எண்ணினாள். அவள் பிறந்த இடத்தில், நின்ற இடத்திலேயே ஓடுகிற மிஷின் ஒன்றைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள்.

அதற்கப்புறம் அவர்களைப் பொது ஹாலில் உட்கார விட்டார்கள். டீ கொடுத்தார்கள். பாம்பு பிடித்தவர்கள் அல்லவா! பொன்னியம்மா அந்த டீயைக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். நுரையீரல் நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளத்தில் இறந்தவர்கள் பட்டியலில் அவள் பேர் வரவில்லை. தண்ணீரில் மூழ்கினால்தான் அதில் சேர்ப்பார்களாம்.

பங்குனியில் கிரண் மறுபடி வந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "ரிப்போர்ட்ல எழுதியிருந்தேன் அக்கா. நாப்பத்தி மூணாம் பக்கத்துல இருக்கு," என்று ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். அட்டையில் பொன்னாடையோடு நாகவல்லி சிரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் சிமெண்ட் புற்று. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வரி. அவன் பொய் சொல்லவில்லை, எழுதித்தான் இருந்தான். எழுதினால் போதும் என்று நினைத்துவிட்டான் பாவி.

இரண்டாம் கட்டத் திட்டம் வந்திருக்கிறது, இந்தத் தடவை சரியாகச் செய்வோம், ஏரியைச் சுற்றி ஒரு தடவை வாங்க அக்கா என்றான். போனாள். தென்கரையில், மூன்று பனைகளுக்குப் பக்கத்தில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"கன்னிமேட்டை விட்டா, தண்ணி ஏறாத இடம் வேற எங்கக்கா இருக்கு? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

அவன் ஷூவுக்கு ஒரு முழம் தள்ளி, எருக்கஞ்செடி மறைவில், முழங்கால் உயரத்துக்கு ஒரு புற்று எழுந்திருந்தது. நுனியில் ஈரமண். உயிருள்ளது. போன வெள்ளத்தில் இந்த இடம் நனையக்கூட இல்லை. அதை அவள் தை மாதமே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

கேட்டவனுக்கு மறைக்கக் கூடாது. அப்பாவின் குரல் காதில் கேட்டது. கூடவே பொன்னியம்மாவின் மூச்சும் கேட்டது.

"தெரியாது சார்," என்றாள் நாகவல்லி. "நாங்கல்லாம் இப்போ ஃபோன்லதான பாக்குறோம்."

அவன் நம்பிவிட்டான். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, திரும்புவதற்காக எருக்கஞ்செடிப் பக்கம் காலைத் தூக்கினான்.

"அங்க கால் வெக்காத சார்," என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "முள்ளு கீது."